நட்சத்திரம் போட்ட ஒரு பிராங்க்

சுவிஸில் ஒரு பிராங்குக்கு எதுவும் கிடைக்காது. ரயில் நிலையக் கழிப்பறைக் கதவுகூட அந்தக் காசுக்குத் திறக்காது. வந்து ஒரு கிழமை ஆனவனுக்கும் தெரிந்த இந்த விஷயம், ஒன்பது வருடம் இங்கே இருந்த எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்கிற ஆள் என்பதுதான். (அம்மா இதற்குக் கனவு என்ற பெரிய பெயரெல்லாம் வைக்க மாட்டார். "பிராக்குப் பாக்கிறான்" என்பார்.)

அப்போது நான் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சலாட் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை. இலைகளைக் கழுவத் தொடங்கினால் கை தண்ணீரில் கிடக்கும், மனம் மலையில் ஏறிவிடும். தலைமைச் சமையல்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் இறங்கி வரும். ஆனால் அந்த வருடம் என் மனம் மலையில்கூட இல்லை. அது ஷ்லீரனில் இருந்தது.

சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் ஆரணி இருந்தாள். ஷாஃப்ஹவுசனில் இருக்கிற என் சித்தி கொண்டுவந்த சம்பந்தம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. ஆறு மாதமாக நாங்கள் போனில் கதைத்தோம். கதைத்தோம் என்று சொல்வதும் சரியில்லை. நான் கதைத்தேன், அவள் "என்ன? என்ன?" என்று கேட்டாள். என் போன் ஒருமுறை சூப் சட்டிக்குள் விழுந்து எழும்பியது. அன்றையிலிருந்து மற்றவர்கள் கதைப்பது எனக்குக் கேட்கும், நான் கதைப்பது ஒருவருக்கும் கேட்காது. "கிடாரத்துக்குள்ளை நிண்டோ கதைக்கிறியள்?" என்று முதல் கிழமையே ஆரணி கேட்டுவிட்டாள். நான் உருகி உருகிச் சொன்ன எத்தனையோ வசனங்கள் அந்தப் பெரிய சமையல் கிடாரத்துக்குள்ளேயே அவிந்துபோயின.

அக்டோபர் கடைசியில் சீசன் முடிந்து ஹோட்டலைப் பூட்டினார்கள். ஆரணியின் அப்பா, பெடியனை ஒருதரம் நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று சித்தியிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு. பின்னேரம் நான் திரும்புவதற்குள் ஓமோ இல்லையோ தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என்னுடைய தொலைபேசி நிறுவனம்தான். நீண்டகால வாடிக்கையாளராகிய உங்களுக்கு, அபோவைப் புதுப்பித்தால் (மாதச் சந்தாவை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்) புத்தம்புது போன் ஒரு பிராங்குக்கு. அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கடினில் இருக்கிறவனுக்கு நட்சத்திரம் ஒரு புதினமில்லை.

மறுநாள் சிவப்பு ரயிலில் இறங்கும்போது லார்ச் மரங்களெல்லாம் மஞ்சளாகி நின்றன. ரயில் வளைகிற இடங்களில் மரங்கள் ஜன்னலுக்குள் வந்துவிட்டுப் போயின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எனக்குள் இரண்டு படம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் படத்தில் நான் சீதனம் வேண்டாம் என்று சொல்கிறேன், ஆரணியின் அப்பா கண் கலங்குகிறார். இரண்டாவது படத்தில் நான் ஆரணிக்குப் புதுப் போன் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறேன், முழுக் குடும்பமும் கண் கலங்குகிறது. சட்டைப் பையில் மினுங்குகிற ஒரு பிராங்க் நாணயக் குத்தி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ரயில் மலைக் குகைகளுக்குள் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆரணியின் அப்பா குணரத்தினம் மாமா (மாமா என்று கூப்பிடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, நானாகவே தொடங்கிவிட்டேன்) முப்பது வருடமாக ஷ்லீரனில், அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. கதைக்கிற ஆளே இல்லை. "ஓம்", "ம்" என்ற இரண்டோடு சாப்பாட்டை முடித்துவிட்டார். பாவம், வேலைக்கும் வீட்டுக்குமாகவே திரிந்திருக்கிறார், டொச்சும், அதுதான் இங்கத்தைய ஜெர்மன், பெரிதாகத் தெரியாது போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். எதைப் பார்த்து அப்படி முடிவு கட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பாயசம் வந்தபோது மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சீதன விஷயத்தைத் தொட்டார். உங்கள் பக்கத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். என் முதல் படம் தொடங்கிவிட்டது.

"மாமா, எனக்கு ஒரு சதமும் வேண்டாம். உங்கடை பிள்ளையைத் தந்தால் காணும்."

மாமா கண் கலங்கவில்லை. "ம்" என்றார். பாயசக் கிண்ணத்துக்குள் ஒரு முந்திரிகைவத்தலைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த "ம்" எனக்குப் போதவில்லை. வாய் தன்பாட்டில் இரண்டாவது படத்துக்குப் போய்விட்டது. சீதனம் வாங்குவதா, நான்தான் ஆரணிக்கு இன்றைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுக்கப்போகிறேன், புது மொடல், இப்போதே போவோம் என்று சொல்லிவிட்டேன். ஆரணி நிமிர்ந்து பார்த்தாள். மாமா எழும்பிப் போய் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். "நானும் வாறன்" என்றார். சீதனக் கேள்விக்குப் பிறகு அவர் சொன்ன முதல் முழு வசனம் அதுதான்.

கடை, அங்காடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே எல்லாம் வெள்ளை. மெல்லிய சங்கீதம். மேசைகளில் போன்கள் வரிசையாக மினுங்கின. சொர்க்கத்தில் கடை போட்டால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கடைப் பெண் எங்கள் மூவரையும் இருத்தினாள். நான் ஆரணியை நிறம் தெரிவு செய்யச் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, அந்த ஒரு பிராங்கை எடுத்து மேசையில் வைத்தேன். பெண் அதைப் பார்த்தாள்.

கணினியில் என் பெயரை அடித்தாள். சிரித்துக்கொண்டு அடித்தவள், சிரிப்பைக் குறைத்துக்கொண்டு வாசித்தாள். என் பெயரில் நாலு நம்பர்கள் ஓடுகின்றனவாம். அதில் ஒன்றுக்குப் பணம் பிந்திப் பிந்தி வந்ததால் மூன்று தரம் கடிதம் போட்டிருக்கிறார்களாம். இதையெல்லாம் சூரிச் டொச்சில் மிக மரியாதையாகச் சொன்னாள்.

"என்னவாம், தம்பி?" என்று மாமா கேட்டார்.

"நான் பழைய வாடிக்கையாளராம், மாமா. விசேசமாக் கவனிக்கினமாம்."

"ஓ" என்றார் மாமா.

பெண் தொடர்ந்தாள். அந்த நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கிற நிபந்தனைப்படி, என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பிராங்க் மட்டும் காணாது. இன்றைக்கே முந்நூற்றுத் தொண்ணூறு பிராங்க் அன்சாலுங், அதாவது முன்பணம், கட்ட வேண்டும். அபோவை ஏற்கனவே புதுப்பித்துவிட்டாளாம். போன் வேண்டாமென்றால் பரவாயில்லையாம், அபோ மட்டும் இரண்டு வருடத்துக்கு ஓடுமாம்.

"இப்ப என்னவாம்?"

"முந்நூற்றுத் தொண்ணூறு பிராங்க் கழிவாம், மாமா. விலையிலை குறைக்கினமாம்."

"நல்ல கடை" என்றார் மாமா.

என் பக்கத்தில் ஆரணி கழுத்துத் துண்டை மூக்குவரைக்கும் இழுத்து விட்டிருந்தாள். குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். (அவள் இந்த ஊரில் பிறந்தவள், அந்தப் பெண் வாய் திறந்த முதல் நொடியிலிருந்தே அவளுக்கு எல்லாம் விளங்கிக்கொண்டிருக்கிறது என்கிற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை.) நான் ஏதாவது அதிசயம் நடக்கும் என்று என் கார்ட்டைக் கொடுத்தேன். கணக்கில் அறுபது பிராங்க் கிடந்தால் பெரிய காரியம். மெசின் ஒருதரம் கத்திவிட்டு மறுத்தது.

"மெசினுக்கு ஏதோ வருத்தமாம்" என்றேன். இந்தத் தரம் மாமா கேட்கக்கூட இல்லை.

மேசையில் இருந்த காட்சிப் போனில் யாரோ கமராவைத் திறந்து விட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒரு முகம் தெரிந்தது. வாய் பாதி திறந்தபடி, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக. எவ்வளவு தெளிவான கமரா என்று நினைத்தேன். பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. சங்கீதம் எங்கோ தூரத்தில் கேட்டது. இப்படியே எழும்பி நடந்து, தானியங்கிக் கதவைத் தாண்டி, மஞ்சள் மரங்களுக்குள் போய் மறைந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். ஆரணி இனி எனக்கு இல்லை என்று நெஞ்சுக்குள் விழுந்த அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மாமா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். கடைப் பெண்ணோடு கதைக்கத் தொடங்கினார். சூரிச் டொச். ரேடியோவில் வாசிக்கிற மாதிரி. எந்த நம்பர், எத்தனை கடிதம், இப்போது பாக்கி இருக்கிறதா, முன்பணத்தைக் குறைக்க வழி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண் அவருக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். ஒரு இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, என் டொச் அவ்வளவு தூரம் போகாது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஃபாக்டரியிலை நான் போர்மன். அறுபது பேருக்கு இந்தப் பாசையிலைதான் பேச்சுக் குடுக்கிறனான். அது கிடக்கட்டும். மற்ற மூண்டு நம்பரும் ஆருடையது?"

உண்மையைச் சொன்னேன். சமையலறையில் என்னோடு கோப்பை கழுவிய பெடியள். அவர்களுடைய வதிவிடப் பெர்மிற்றுக்கு அபோ கொடுக்க மாட்டார்கள். அண்ணை, உங்கடை பேரிலை ஒன்று எடுத்துத் தாருங்கோ என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேர் ஒழுங்காகக் காசு தருகிறார்கள். மூன்றாவது ஆள் லண்டனுக்குப் போய்விட்டான்.

"அப்ப அவன்ரை பில்லை ஆர் கட்டுறது?"

"நான்தான்."

"இப்பவுமோ?"

"ஓம், மாமா. வாற மாசத்தோடை முடியுது."

மாமா என்னைக் கனநேரம் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. தன் கார்ட்டை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார்.

"உமக்குச் சீதனம் தந்தாலும் அது ஊராருக்குத்தான் போகும். இந்தா, இதோடை உம்மடை சீதனம் முடிஞ்சுது. பிறகு கேக்கக் கூடாது."

மெசின் இந்தத் தரம் சந்தோசமாகக் கத்தியது. மேசையில் கிடந்த ஒரு பிராங்கை மாமா ஒற்றை விரலால் பெண்ணின் பக்கம் தள்ளிவிட்டார். "அது உம்மடை பங்கு" என்றார்.

வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த எனக்கு அவர் சொன்னது காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. ஆரணி கழுத்துத் துண்டை இறக்கிவிட்டாள். இவ்வளவு நேரமும் அதற்குள் சிரித்தவள், இப்போது சிரிக்கவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் செத்தேன். ரயில் நிலையத்தில் போன் பெட்டியை அவளிடம் நீட்டியபோது என் கைக்குள்ளேயே திருப்பி வைத்தாள்.

"என்னட்டை நல்ல போன் இருக்கு. உங்கடை குரலைத்தான் நான் கேக்கவேணும். நீங்கள் வைச்சிருங்கோ."

பின்னேர ரயில் ஏரிக்கரையால் போனது. தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. புதுப் போனுக்குள் பழைய சிம்மைப் போட்டுவிட்டு, யாருக்கு எடுப்பது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சித்தி வழியாக நாளைக்கு ஒரு நாகரிகமான "இல்லை" வரும். அதுவரைக்கும் இந்த ஏரி முடியாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அப்போது அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"ஐயோ, கிடாரம் போயிட்டுது. பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பொய் சொன்னதற்கு, கழிவு என்றதற்கு, மெசினுக்கு வருத்தம் என்றதற்கு. அவள் இடையில் மறித்தாள்.

"உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையோ? கலியாணம் இல்லாமல் ஆருக்கும் சீதனம் குடுப்பினமோ?"

ரயில் குகைக்குள் போனது. இணைப்பு அறுந்தது. அந்த இருட்டுக்குள் நான் தனியாக இருந்து சிரித்த சிரிப்பில் எதிர் இருக்கைச் சுவிஸ்காரி தன் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

எட்டு வருடம் ஆகிவிட்டது. அந்தப் போனுக்கு எங்கள் வீட்டில் பெயரே சீதனம்தான். "சீதனத்தைச் சார்ஜிலை போட்டியளோ?", "சீதனம் கீழை விழுந்திட்டுது" என்றுதான் கதைப்போம். இப்போது திரை வெடித்து, அலாரம் அடிக்க மட்டும் உதவுகிறது. காலையில் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்பா, சீதனம் கத்துது" என்பாள். மாமா மாறவில்லை, இன்றும் "ஓம்", "ம்" தான். ஆனால் கலியாண வீடுகளில் யாராவது சீதனக் கதையை எடுத்தால் மட்டும் எழும்பி நின்று, "என்ரை மருமேன் ஒரு சதமும் வேண்டாமெண்ட ஆள்" என்று தொடங்கி, முழுவதையும் சொல்லி முடிக்காமல் இருக்க மாட்டார். கழிவு என்ற இடம் வரும்போது என் குரலில் சொல்லிக் காட்டுவார்.

போன மாதம் மறுபடியும் குறுஞ்செய்தி வந்தது. நீண்டகால வாடிக்கையாளராகிய உங்களுக்கு, புத்தம்புது போன், ஒரு பிராங்க், பக்கத்தில் அதே நட்சத்திரம். ஆரணிக்கு மட்டும் காட்டினேன். பத்து நிமிடம் ஆகவில்லை, மாமா போனில் வந்தார்.

"தம்பி, ஜக்கெற் போட்டிட்டன். உம்மடை ஒரு பிராங்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாரும்."