என் எலும்புக்கு வாங்கிய நெத்திலி

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. சுத்தமான ராகுகாலம் என்று என் மனைவி வசந்தா இன்றும் சொல்லிக்காட்டுவாள். 2009 வாக்கில் நடந்தது. கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம். அன்று சாயந்தரமே சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு, மகள் கயல்விழியைப் பெண் பார்க்க வருகிறார்கள். புத்தியுள்ள அப்பன் எவனும் அன்றைக்கு ஊரைத் தாண்டமாட்டான். (நான் எம்.காம்.)

முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனோடு போனில் பேசிய பிறகு கயல் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். அதனாலேயே எனக்குப் பயம் ஜாஸ்தி.

எலும்புப் பயம் அதைவிட ஜாஸ்தி. வசந்தாவின் அக்கா குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அன்றிலிருந்து வசந்தா ஸ்டூலில் ஏறினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே "எறங்கு, எறங்கு" என்று கத்துவேன்.

"இன்னிக்குன்னு பாத்து எதுக்குங்க? நாலரைக்கு அவுங்க வந்துடுவாங்க."

"கேம்ப் என்ன தெனமுமா போடுறாங்க? ரெண்டு மணிக்கெல்லாம் வீட்ல இருப்போம், வா."

குதிகாலில் பசை தடவி, ஒரு மெஷினில் காலை வைக்கவேண்டும். வசந்தா தயங்கினாள். "பாரு, ஒன்னும் பண்ணாது" என்று வீரனாக என் காலை முதலில் நீட்டினேன்.

மெஷின் வைத்திருந்த பெண் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அடுத்து வசந்தாவின் கால்.

"அம்மாவுக்கு நல்லா இருக்கு. சாருக்குத்தான் கம்மியா காட்டுது."

"சரியா பாரும்மா. இது பொம்பளைங்களுக்கு வர்றது."

"எலும்பு ஆம்பளைக்கும் இருக்கு சார்."

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். (தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.)

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீங்க. இது மேலோட்டமா பாக்குற டெஸ்ட்தான், பெரிய ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்குங்க. அம்மா மாடி ஏறி எறங்குறாங்க, தண்ணி தூக்குறாங்க. நீங்க நாற்காலிய விட்டு எழுந்திரிங்க. தெனம் நடங்க, கொஞ்சம் வெயில் படட்டும். பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை சேத்துக்குங்க. முள்ளோட சாப்பிடுற சின்ன மீனும் நல்லது."

என் காதில் ஏறியது கடைசி வாக்கியம் மட்டும். மற்றதெல்லாம் நான் எழுந்து செய்யவேண்டிய வேலைகள்.

பஸ் ஸ்டாண்டுக்கு, மழைக்கால வரப்பில் போகிறவன் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தேன். வசந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் போகும்போது அவள் முழங்கையை நான் பிடித்திருந்தேன்.

பஸ் கடலூர் முதுநகரில் நின்றது. ஜன்னலோரம் வசந்தா கண்ணயர்ந்திருந்தாள். கீழே ஒரு அம்மா கூடையில் நெத்திலிக் கருவாடு வைத்திருந்தார். இறங்கிவிட்டேன்.

"ஏம்மா, இதுல கால்சியம் இருக்கா?"

"அதெல்லாம் நான் எதுவும் போடல சார். உப்பு மட்டுந்தான்."

அரைக் கிலோ வாங்கினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட வாசற்படி தாண்டாது. வசந்தா விழித்துக்கொள்வதற்குள் ஒளிக்கவேண்டும். கையில் இருந்தது ஒரே பை. அதில், சாயந்தரத்துக்காகக் கடலூரில் வாங்கிய மல்லிகைச் சரம், வாழையிலையில் சுற்றி. நெத்திலியை அடியில் தள்ளி, மேலே மல்லிகையை வைத்து மூடினேன். மத்தியான வெயிலில் இரண்டும் சிதம்பரம் வரை நெருங்கிப் பழகின.

வீட்டில் வசந்தா கேசரி கிண்டப் போனாள். நெத்திலிப் பொட்டலத்தைப் பரணில் வைத்திருக்கலாம். ஏறி விழுந்தால்? என் எலும்பு என்ன ஆவது? கூடத்து சோபாவுக்கு அடியில் தள்ளினேன். பூவை நானே தாம்பாளத்தில் அழகாக அடுக்கினேன். எனக்கு அன்று மூக்கடைப்பு வேறு.

நாலரைக்குப் பையன், அவன் அம்மா, பெரியம்மா மூவரும் வந்தார்கள். அப்பா புவனகிரியில் ஒரு வேலையை முடித்துவிட்டுப் பின்னால் வருகிறாராம். பையனின் அம்மா அந்த சோபாவிலேயே உட்கார்ந்தார். நெற்றியில் குங்குமம், அதற்குமேல் கோயில் விபூதி. அடிக்கடி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வீடு பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

கயல் காப்பி கொடுத்தாள். பையன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். கேட்கவேண்டியது ஒன்றுமில்லை. பிடித்திருந்தால் பையனின் அம்மா பெண் தலையில் பூ வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அம்மா எழுந்தார், சரத்தை எடுத்தார், மல்லிகையைக் கையில் எடுத்தவர் யாரும் செய்வதைச் செய்தார். முகர்ந்தார்.

கை அந்தரத்தில் நின்றது.

"இது... எந்த ஊரு மல்லிங்க?"

"கடலூருங்க" என்றேன்.

"வெள்ளிக்கிழமைல எங்க வீட்ல..." என்று அவர் முடிக்காமல் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா முந்தானையால் மூக்கை மூடியிருந்தார். வசந்தா என்னைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. கயலின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பூ மெல்லத் தாம்பாளத்தை நோக்கி இறங்கியது. அது தட்டில் பட்டால் இந்த இடமும் தட்டிப்போகும். இன்னும் ஒரு சாண் தூரம்தான் பாக்கி.

(பெரிய ஸ்கேன் எடுத்தேன். அவ்வளவு மோசமில்லை. இப்போது தினமும் நாலு வீதியும் சுற்றி நடக்கிறேன், கேழ்வரகு சாப்பிடுகிறேன், மாடிப்படி ஏறுகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் யார் பூ வாங்கி வந்தாலும், எல்லாரும் ஒருமுறை முகர்ந்துவிட்டு என்னைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.)

அன்று பூ தட்டில் படுவதற்குள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். பையனின் அப்பா, வேர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டு அடி வைத்து நின்றார். கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தார்.

"நெத்திலி!" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "ஏன் பூவக் கையில வச்சிக்கினு நிக்கிற? பொண்ணுக்கு வையி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு வெள்ளி, நாளைக்கு சனி. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துடுறேன், சம்பந்தி. அதுவரைக்கும் காலி பண்ணிடாதீங்க."