ஒழுகாத வீட்டுக்கு ஒரு வாளி

வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஓனரிடம் கேட்க வேண்டும் என்பார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கேட்காமலேயே ஒரு வீட்டுக்குத் தரை போட்டோம். அதைக்கூட மன்னித்துவிடலாம். போட்ட தரையை மறைக்க நாங்கள் ஆடிய ஆட்டத்தைத்தான் இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் பெயர் உமா. பிறந்த ஊர் திருவதிகை. நெய்வேலி மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, பெர்மனென்டா காண்ட்ராக்டா என்பது. பெர்மனென்ட் என்றால் டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம். காண்ட்ராக்ட் என்றால் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் வாடகை வீடு. என் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். (நான் மறக்கவில்லை. ஆளைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.) பழனிவேல், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பொது வியாதி உண்டு. ஒரு பொருள் கோணலாக இருந்தால் சோறு இறங்காது. முதலில் குடிபோன வீட்டில் அடுப்படி மேடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை இடித்துக் கட்டினோம், சுவருக்கு வெள்ளை அடித்தோம், ஜன்னலுக்குக் கொசுவலை போட்டோம். ஒரு நாள் ஓனரம்மா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வூடு லட்சணமா இருக்குதும்மா. எம் பையனுக்குக் கல்யாணம் வருது, அவனக் குடி வச்சிக்கிறேன்" என்றார். இரண்டாவது வீட்டில் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டி, வாசலில் முல்லைக்குப் பந்தல் போட்டோம். பந்தலில் முதல் பூ பூத்த வாரம், அந்த ஓனரின் தம்பிக்குப் பெண் அமைந்துவிட்டது. நாங்கள் மறுபடியும் பாத்திரங்களை மூட்டை கட்டினோம்.

மூன்றாவது வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டோம். வீட்டைத் தொடுவதில்லை என்று அல்ல, அது எங்களால் ஆகாது. செய்வதை ஓனருக்குத் தெரியாமல் செய்வது என்று.

அந்த ஓனர் ஜெயராமன் சார். மைன்ஸில் பெர்மனென்ட். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருந்ததால் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். வடக்குத்தில் கட்டிய வீட்டை எங்களுக்கு விட்டதோடு சரி, வருஷத்துக்கு ஒரு தரம்கூட எட்டிப் பார்க்க மாட்டார். மேலே தளம் போட்ட நல்ல வீடு. ஹால் தரை மட்டும் பொக்கை பொக்கையாகப் பெயர்ந்திருந்தது.

டைல்ஸ் கடைக்குப் பின்னால் உடைந்த துண்டுகள் மலையாகக் கிடந்தன. இடம் காலியானால் போதும் என்று அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து சாப்பிட்டதும் சிமென்ட் குழைப்பார், நான் துண்டுகளைப் பொறுக்கி அடுக்குவேன். அவருக்கு மட்டம் முக்கியம், எனக்கு நிறம் முக்கியம். நடு ஹாலில் மஞ்சள் துண்டுகளால் நான் பெரிய பூ ஒன்று வைத்தேன். அவர் அதைக் கடைசிவரை ஃபேன் என்றே சொன்னார். (எலக்ட்ரீஷியனுக்கு எதைப் பார்த்தாலும் ஃபேன்தான்.) சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரத்தில் ஜன்னல் லேசாக அதிரும். பதித்த துண்டுகள் நகர்ந்துவிடுமோ என்று நாங்கள் முட்டி போட்டு உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வோம். அதிர்வு நின்ற பிறகும் ஒருவர் கைமேல் ஒருவர் கை அப்படியே கொஞ்ச நேரம் இருக்கும். இப்போது நினைத்தாலும் அந்த ஈர சிமென்ட் வாசனை வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்த வருஷம் வேறு இல்லை.

தரை முடிந்த சமயம், கரண்ட் கார்டை ஜெராக்ஸ் எடுப்பதற்காக ஓனரின் மகள் மேகலா ஸ்கூட்டியில் வந்து நின்றாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மஞ்சள் பூவின் நடுவில் போய் நின்றாள்.

"அக்கா, நீங்களே போட்டீங்களா?"

"ஆமாம்மா. உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லாத."

"அப்பாகிட்ட சொல்லவே மாட்டேன்க்கா" என்று குனிந்து செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

அடுத்த சித்திரையில் ஜெயராமன் சார் போன் செய்தார்.

"உமா, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வீட்டுல இருங்கம்மா. அஞ்சாறு பேரு கூட வராங்க. வீட்டப் பாக்கணுமாம்."

"யாரு சார்?"

"வந்து சொல்றேம்மா."

போனை வைத்ததும் கணக்குப் போட்டேன். வீட்டை யாருக்கோ விற்கப் போகிறார், இல்லை வேறு ஆளைக் குடிவைக்கப் போகிறார். எதுவானாலும் இந்தத் தரையை ஒருவன் பார்த்தால் விடமாட்டான். இதையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போக எனக்குத் தெம்பில்லை. அழுதேன். என் வீட்டுக்காரர், "பாக்குறவங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னா?" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே யோசனை அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவரை நான் யோசிக்க விட்டதே இல்லை.

சனிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. டீத்தூளைக் கொதிக்க வைத்துச் சுவரில் பிரஷ்ஷால் அடித்தோம், ஓதம் ஏறிய மாதிரியே வந்தது. பளிச்சென்ற பல்பைக் கழற்றிவிட்டு அவர் ஜீரோ வாட் மாட்டினார். சாமான் அடுக்கும் ரேக்கைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். தரையை மூட நான் சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, ஹால் அளவுக்கு விரிப்பாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் கருவாடு வறுத்தேன்.

கடைசியாக அவர் ஒரு வாளியில் பாதி தண்ணீர் பிடித்து வந்து நடு ஹாலில் வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"தளம் ஒழுவுதுன்னு நெனைக்கட்டும்."

மழை பெய்து நாலு மாதமாகியிருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

பத்து மணிக்கு வேன் வந்தது. முதலில் இறங்கியது ஒரு பட்டுப்புடவை. பின்னால் இன்னும் இரண்டு பட்டுப்புடவை, தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை. கடைசியாக இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு பையன், ஸ்கூல் வாத்தியார் களை. ஜெயராமன் சார் முகமெல்லாம் சிரிப்பாக, "நம்ம மேகலாவுக்குப் பேசியிருக்கும்மா. மாப்பிள்ளைக்குக் குறிஞ்சிப்பாடில வாத்தியார் வேலை. இந்த வீட்டத்தான் பொண்ணுக்குச் சீரா எழுதித் தரோம். பாத்துட்டு அப்படியே குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் பூ வைக்கிறோம்" என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே கால் வைத்தார். கருவாட்டு நாற்றம் தாக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா பூங்காவனம் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார், ஜீரோ வாட் பல்பைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார்.

"சம்பந்தி, இந்த வூட்டத்தான் சொல்லிகினு இருந்தீங்களா?"

கூட வந்திருந்த ஜெயராமன் சார் மனைவியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. குவார்ட்டர்ஸில் மேகலா தலை நிறையப் பூவுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது, திறக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்குள் பூங்காவனம் அம்மா வாளியிடம் வந்துவிட்டார். தண்ணீரைப் பார்த்தார். அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இன்னாப்பா, சித்திரை வெயில்ல வூடு ஒழுவுதா?"

"சில நேரம் ஒழுவுங்க."

"எப்போ?"

"மழை பேஞ்சாங்க."

"மழை எப்போ பேஞ்சுது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன். பூங்காவனம் அம்மாவும் என் கண் போன வழியே குனிந்து சாக்கின் ஓரத்தை விரலால் தடவினார். "சாக்குக்கு யாராவது ஓரம் மடிச்சுத் தைப்பாங்களா?" என்று கேட்டார். தைத்திருந்தேன். ஹால் முழுக்க, நாலு பக்கமும், ஒரு நூல் பிசிறில்லாமல். வீட்டை அசிங்கப்படுத்தும்போதுகூட என்னால் ஒழுங்காகத்தான் அசிங்கப்படுத்த முடிந்தது.

அந்த நேரத்தில் வாத்தியார் மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இங்க மஞ்சப் பூ வச்ச டைல்ஸ் தரை ஒண்ணு இருக்கணுமேம்மா."

"உனக்கு யாருடா சொன்னாங்க?"

பாவம், நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. செல்போனை எடுத்துக் காட்டினார். வாட்ஸ்அப்பில் எங்கள் தரை. நடுவில் மஞ்சள் பூ. பூவின் மேல் கொலுசு போட்ட இரண்டு கால்.

மேகலாவின் அம்மாவுக்குக் கொலுசு அடையாளம் தெரிந்தது. பூ வைப்பதற்கு முன்னாலேயே போட்டோ போக்குவரத்து நடந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளையின் காது சிவந்தது. எல்லோரும் இப்போது எங்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். தப்பித்துக்கொள்ள அதுதான் நல்ல சந்தர்ப்பம். நான்தான் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"மன்னிச்சிடுங்கம்மா. இது எல்லாம் வேஷம். காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துகினு நாங்கதான் இப்படி ஆக்கி வச்சோம். வீடு நல்லா இருக்கும். பொண்ணு அதவிட நல்ல பொண்ணு."

சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தேன். ஓதம் கையோடு வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடித்துச் சாக்கைச் சுருட்டினார், மாப்பிள்ளையும் குனிந்து மறுமுனையைப் பிடித்தார். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். வெயில் நேராகத் தரையில் விழுந்தது.

பூங்காவனம் அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, பூவைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இந்த வாளி?"

"அதுவும் பொய்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "கொழாத் தண்ணி."

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சிரித்தார், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து, "வாங்க சம்பந்தி, நேரமாவுது. பொண்ணு காத்துகினு இருக்கும்" என்றார். ஜெயராமன் சார் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா சிமென்ட்டாவது நான் வாங்கிக் குடுத்திருப்பேனேம்மா" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

ஆவணியில் கல்யாணம். ஆனியிலேயே நாங்கள் காலி செய்தோம். கிளம்பும் நாளன்று தரையை இரண்டு தரம் துடைத்தேன். வெளியே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், உள்ளே வந்து செருப்பில்லாமல் ஃபேன் மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். மிச்சமிருந்த டைல்ஸ் மூட்டையைப் பரணிலேயே விட்டுவிட்டோம்.

இனி எங்களுக்கு வீடு யார் கொடுப்பார்கள் என்றுதான் பயந்தேன். நடந்தது வேறு. மூன்று வீட்டில் குடியிருந்தார்கள், மூன்று வீட்டிலும் கல்யாணம் என்று வடக்குத்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாத மகனை வைத்திருந்த ஒருவர், தானே எங்களைத் தேடி வந்தார். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வந்து குடியிருங்க, போதும்" என்றார். நாங்கள் சும்மா இருப்போமா, மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்து, கேட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். மறைக்கவில்லை, அவரையே கூப்பிட்டுக் காட்டினோம். எட்டாவது மாதம் மகனுக்குப் பெண் அமைந்தது. நாங்கள் வழக்கம்போல மூட்டை கட்டினோம்.

சில வருஷம் கழித்து அதே வடக்குத்தில் சின்னதாக ஒரு சொந்த வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்தன்று ஹால் நிறைய ஜனம். மேகலா கைக்குழந்தையோடு வந்தாள், பின்னால் வாத்தியார். அவர்களுக்கும் பின்னால் பூங்காவனம் அம்மா, இரண்டு கையாலும் ஒரு வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்க்க நடு ஹாலில் வைத்து, அண்ணாந்து தளத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"எதுக்கும் இருக்கட்டும்மா" என்றார்.

வாளி நிறைய உடைந்த டைல்ஸ். நாங்கள் பரணில் விட்டு வந்தவை. ஒவ்வொரு துண்டையும் மேகலா கழுவித் துடைத்து அடுக்கியிருந்தாள்.

அந்தத் துண்டுகளை நாங்கள் இன்னும் பதிக்கவில்லை. காலி பண்ணச் சொல்ல ஆளில்லாத வீட்டில் எங்களுக்கு வேலையே ஓடமாட்டேன் என்கிறது. வாளி அதே இடத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்டால், என் வீட்டுக்காரர் மேலே பார்த்துக்கொண்டு, "சில நேரம் ஒழுவுங்க" என்கிறார்.