முகவரியின் மூன்றாம் வரி

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் மாமியார் சௌக்கியம். உங்களையும் மகளையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என்னைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

போன மாதம் நம் பஞ்சு, பேண்டேஜ் குடோனுக்கு வந்தீர்கள். பச்சை எழுத்துப் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாமா, வியாபாரத்தை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். பழசு பாட்டுக்கு ஓடட்டும், புதுசைப் பக்கத்துலயே ஏத்திடறேன். தினம் காலைல பழசுல இருக்கறதெல்லாம் தானா புதுசுக்கு வந்துடும்" என்றீர்கள். ஏற்றினீர்கள். "ஒரு எழுத்துகூட விட்டுப்போகல மாமா" என்று பெருமையாகவும் சொன்னீர்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

பழசில் முகவரிக்கு மூன்று வரி உண்டு, லேபிளில் முதல் இரண்டுதான் அச்சாகும். மூன்றாவது சும்மா கிடக்கிறதே என்று வாடிக்கையாளர்களின் குணத்தை அதில் குறித்து வைப்பது எங்கள் வழக்கம். வண்டி கிளம்பும்போது பில் போடும் அம்மா அதைப் படித்து டிரைவரிடம் சொல்லுவார். உங்கள் புதுசு மூன்று வரியையும் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறது. பல் டாக்டருக்குப் போன பெட்டியில் "பேச ஆரம்பித்தால் விடமாட்டார், வைத்துவிட்டு ஓடி வரவும்" என்று இருந்திருக்கிறது. "நானா அப்படி?" என்று கேட்டுப் போன் செய்தவர், நான் சாப்பிடாமல் எழுந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். கண் டாக்டர் பெட்டியில் "கையெழுத்துப் போடும் இடத்தை விரல் வைத்துக் காட்டவும்" என்று இருந்தது. நல்லவேளை, அவர் அதை இன்னும் படிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஸ்டோர் மேடம் படித்துவிட்டார். "சிடுமூஞ்சி. பத்து மணிக்கு முன்னால் முகத்தில் விழிக்காதே." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் மாப்பிள்ளை, நம் வியாபாரத்தில் பாதி அந்த ஆஸ்பத்திரி. அது கைவிட்டுப் போனால் குடோனுக்குப் பூட்டுதான். உடனே அந்த வரியை எடுக்கச் சொன்னேன். பில் போடும் அம்மா புதுசில் அழித்தார். பழசும் கூடவே ஓடுகிறதல்லவா, மறுநாள் காலையில் அது அந்த வரியைப் பத்திரமாகப் புதுசில் திரும்ப ஏற்றிவிட்டது. பழசிலேயே அழிக்கலாம் என்றால், அந்தக் கீபோர்டில் அழிக்கும் பொத்தான் உங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டது. "சேக்கத்தான் முடியுது சார்" என்றார். "சரி, மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதும்மா" என்றேன். நான் சொன்னது கடிதத்தை. அவர் பழக்கதோஷத்தில் மூன்றாம் வரியிலேயே சேர்த்துவிட்டார். அடுத்த பெட்டி, "சிடுமூஞ்சி. பத்து மணிக்கு முன்னால் முகத்தில் விழிக்காதே. மன்னிக்கவும்" என்று போய் இறங்கியது. மேடம் திட்டவில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, லேபிளை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார். நாளை நேரில் வருகிறாராம்.

பஞ்சு விற்பதைத் தவிர எனக்கு ஒரு தொழிலும் தெரியாது. இந்த வயதில் யார் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். தயவுசெய்து வந்து உங்கள் புதுசைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மேடத்திடம், "இதெல்லாம் கம்ப்யூட்டர் தானா எழுதுனது மேடம், எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று ஒரே பிடியாகச் சாதிக்கப் போகிறேன். கம்ப்யூட்டர் என்றால் எதையும் நம்புகிறவர் அவர். நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினால் போதும், பிழைத்துக்கொள்வேன்.

நீங்களும் மகளும் என்னைப்போல் தவிக்காமல் நிம்மதியாகத் தூங்கி எழுந்து பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: இது மாப்பிள்ளைக்கு அல்ல, வாடிக்கையாளர்களுக்கு. புதுக் கம்ப்யூட்டரில் பெரிய வெள்ளைக் கட்டம் ஒன்று காலியாக இருந்ததால் மேற்படி கடிதத்தை அதில் டைப் செய்தேன். அது எல்லோருடைய பில்லின் அடியிலும் அச்சாகும் அறிவிப்புக் கட்டம் என்று பில் போடும் அம்மா இப்போதுதான் வந்து சொல்கிறார். முதல் வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது, இந்தப் பி.கு. பின்னாலேயே அடுத்த வண்டியில் வருகிறது. மேடம் அவர்கள் சிரமப்பட்டு நேரில் வர வேண்டாம். நானே வருகிறேன். எத்தனை மணிக்கு வரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.