டெஸ்டரக்கா எடைமேடையில் ஏற மறுத்த கதை

மீனாட்சிபுரத்தில் டெஸ்டரக்காவை ஏமாற்றியவர் இன்று வரை யாருமில்லை. மாடுகளே முயன்று தோற்றிருக்கின்றன என்பார்கள். நான் நம்புகிறேன்.

அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, ரேஷன் கார்டில். ஊருக்கு அவர் டெஸ்டரக்கா. எங்கள் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் வரும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பது அவர் வேலை. தண்ணீர் சேர்ந்த பாலில் அந்தக் கண்ணாடிக் குழாய் கூடுதலாக முங்கும். அக்காவுக்குக் குழாய்கூட வேண்டாம், கேன் மூடி திறக்கும்போதே முகம் மாறிவிடும்.

"ஏனுங்க மாமா, மாட்டை வாய்க்கால்ல நிறுத்தி வெச்சுக் கறந்தீங்களா?"

வரிசையே சிரிக்கும். மாமா கேனைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போவார். தண்டனை அதோடு முடியாது. அடுத்த ஒரு மாதம் அவர் கேன் கடைசியாகத்தான் திறக்கப்படும். அக்காவின் சொந்தத் தம்பியே அப்படி ஒரு மாதம் நின்றிருக்கிறார். கல்யாணத்துக்குப் போனாலும் அக்காவின் கைப்பையில் லாக்டோமீட்டர் இருக்கும். பந்தியில் அவர் உட்கார்ந்தால் சமையல்காரர் பாயசத்தைத் தானே கொண்டுவந்து ஊற்றி, தீர்ப்பு வரும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

ஆளும் பெரிய ஆள். நாற்பது லிட்டர் கேனை ஒற்றைக் கையால் நகர்த்துவார். பஸ்ஸில் ஏறியதும், "ரெண்டு டிக்கெட் குடு தம்பி, அப்பத்தான் ஒருத்தனும் மொனகமாட்டான்" என்பார். எடையைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "பால்ல கொழுப்பு கூடுனா வெலையக் கூட்டிக் கேக்கறீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க கொறைக்கறீங்க?"

இப்படிப்பட்டவர் ஒரு நாள் பக்கத்திலிருக்கும் சித்தூர் டாக்டரிடம் போய்விட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே வந்து இறங்கினார். முட்டி தேய்ந்துவிட்டதாம். பதினைந்து கிலோவாவது குறைக்காவிட்டால் நின்று செய்யும் வேலையை மறந்துவிட வேண்டியதுதானாம்.

"உக்காந்துட்டே டெஸ்ட் பண்ணுங்களேன்க்கா" என்றேன்.

"உக்காந்துட்டா கேன் கேனாப் போயி மோந்து பாக்கறது யாரு அம்மிணி?"

நான் பக்கத்து வீடு. படிப்பை முடித்து ஒரே வருடத்தில் மூன்று வேலைகளை விட்டிருந்த சமயம், உலகத்தில் யாருக்கு எது தேவையென்றாலும் நானே செய்து தருவேன். அந்த வாரம்தான் ஒரு சேனலில் விளம்பரம் பார்த்தேன். உடல் எடை குறைக்கும் நிகழ்ச்சி. பயிற்சியாளர், டாக்டர், சாப்பாடு, மூன்று மாதம், எல்லாம் இலவசம். உடனே ஃபார்ம் நிரப்பினேன். 'உங்கள் உடலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி.

"முட்டி வலிக்குதுன்னு எழுது" என்றார் அக்கா.

முட்டி வலிக்கு யார் கேமராவைத் திருப்புவார்கள்? நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வீட்டுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டதாக, சோற்றில் கண்ணீர் விழுவதாக. எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன், அவ்வளவு நல்ல எழுத்து. பத்தே நாளில் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு தோட்ட பங்களா. ஆறு போட்டியாளர்கள், ஆளுக்கொரு துணை; அக்காவுக்கு நான். வந்து இறங்கியதுமே அழவைக்கும் வேலை ஆரம்பமானது. டைரக்டர் தம்பி குரலைக் குழைத்துக் கேட்டார்: "கண்ணாடி பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோணும்க்கா?"

"பொட்டு நேரா இருக்குதான்னு தோணுமுங்க."

மறுபடி கேட்டார். மறுபடியும் பொட்டு. மறுநாள் காலை மேசை நிறைய கேக்கும் குலாப் ஜாமூனும் பரப்பிவைத்து, செடிக்குப் பின்னால் கேமராவை ஒளித்துவைத்தார்கள். யார் கை நீளும் என்று பார்க்கவாம். அக்கா நேராகப் போய் ஒரு ஜாமூனைப் பிட்டு, நாக்கில் வைத்து, செடியைப் பார்த்துச் சொன்னார்: "பவுடர் பாலுங்க. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

அன்று சாயங்காலம்தான் முதல் எடை. லாரி நிறுக்கும் மேடை மாதிரி ஒன்று, சுற்றிலும் சிவப்பு விளக்கு. மதியம் பிரியாணி போட்டிருந்தார்கள். இப்போது ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் கொடுத்துக் குடித்துவிட்டு ஏறச் சொன்னார்கள். கல்பாத்தியிலிருந்து வந்த வங்கி அதிகாரிப் பெண் பாட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "கார்த்தாலேருந்து நாலு டேக் அழுதாச்சு அக்கா, கண்ணுல ஜலமே இல்லை. அதை ரொப்பறாளோ என்னமோ!"

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தார். "இதெதுக்குங்க தம்பி?"

"முதல் வாரம் நம்பர் பெரிசா இருக்கணும்க்கா. அடுத்த வாரம் சட்டுனு குறைஞ்சாத்தான் ஜனங்க கைதட்டுவாங்க."

"அப்ப இது தண்ணி சேத்தற வேல."

"அக்கா, இது டிவி."

"நாளைக்கு வெடியால, வெறும் வயித்துல, ஆறு பேரையும் ஒரே மாதிரி நிறுங்க. முந்நூறு கிலோ காட்டுனாலும் ஏறி நிக்கறேன். இந்தத் தண்ணியோட ஏறமாட்டேனுங்க."

நான் காதருகே போய்க் கெஞ்சினேன். "முட்டிக்காகவாவது ஏறிருங்கக்கா!"

"முட்டி என்னோடது. இந்தப் பொய்ய ஊரே பாக்குமல்ல?"

டைரக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஃபார்மை எடுத்து நீட்டினார். "கண்ணாடியை மூடி வெச்சிருக்கேன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே? அப்புறம் என்ன?"

அக்கா அந்த ஒன்றரைப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல தண்ணி சேத்துனது நீயா அம்மிணி?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தலையாட்டினேன்.

"நான் முட்டி வலின்னு வந்தனுங்க. மிச்சமெல்லாம் இந்தப் புள்ள ஊத்துனது" என்று ஃபார்மைத் திருப்பிக் கொடுத்தார். மாமாக்களுக்குக் கேனைத் திருப்பிக் கொடுக்கும் அதே கை, அதே அசைவு. அன்றைக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வழக்கம்போல இரண்டு டிக்கெட் எடுத்தார். என்னுடையதை நான் தனியாக எடுத்துக்கொண்டேன்.

ஒளிபரப்பான அன்று சாயங்காலப் பால் முடிந்ததும் சொசைட்டி டிவி முன்னால் ஊரே கூடியது. அக்கா நடந்து வருவதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் யானை நடப்பது போல ஒரு வாத்தியம் வைத்திருந்தார்கள். ஜாமூன் வாய்க்குள் மூன்று தடவை போனது. கடைசியில் பெரிய எழுத்தில் 'முயற்சியைக் கைவிட்டார்'. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அக்காதான் பேசினார்.

"இந்த டெஸ்டரக்காளைக் கேன்ல ஊத்திக் கொண்டாந்திருந்தா நானே திருப்பி அனுப்பியிருப்பேன். பாதிக்குப் பாதி தண்ணி."

சிரித்து முடிக்க ஊருக்கு வெகுநேரம் ஆனது. மறுநாள் காலை எங்கள் அம்மாவின் கேன் வரிசையில் கடைசியாகத் திறக்கப்பட்டது. அதற்கடுத்த நாளும். ஒரு மாதம் முழுக்க. "நீ எழுதுன எழுத்துக்கு நான் நிக்கோணுமாடி?" என்று அம்மா திட்டாத நாளில்லை.

அந்த மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டார். காலைப் பால் வருவதற்கு முன், கேன் நிறுக்கும் தராசின்மேல், வெறும் வயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். பங்களாவில் முதல் நாளே பயிற்சியாளர் எழுதிக்கொடுத்த நடைப்பயிற்சித் தாளை வைத்துக்கொண்டு அவர் வாய்க்கால் மேட்டில் நடப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பால் விவரம் எழுதும் பலகையைக் காட்டி, கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

"உள்ளதப் பாத்து உள்ளத எழுது அம்மிணி."

எழுதினேன். அதன்பின் ஒவ்வொரு மாதமும் எழுதுகிறேன். ஓண மாதத்தில் ஒன்றரை கிலோ கூடியபோது, "இன்னும் கொஞ்சம் பெருசா எழுது, கடைசீல நிக்கறவிங்களுக்கும் தெரியோணும்" என்றார். இதுவரை ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது. அக்கா இன்னும் நின்றபடிதான் கேன்களைத் திறக்கிறார்.

நான் அதற்குள் இரண்டு ஊர், நான்கு வேலை மாறிவிட்டேன். எங்கே இருந்தாலும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைப் பாலுக்கு முன் மீனாட்சிபுரத்தில் இருக்கிறேன். அந்த சாக்பீஸை அக்கா வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.