நீலத் தாளுக்கு முதல் பரிசு

இருபது வயதில் எனக்குத் தெரியாத விஷயமே இருக்கவில்லை. கலை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க விமர்சகர்கள் அரை நூற்றாண்டுக்கு முன் எழுதியவற்றை நான்கு மாதம் வாசித்துவிட்டு, ஓவியம் என்றால் தட்டையான பரப்பும் நிறமும்தான், அது கதை சொல்லவே கூடாது என்று நாங்கள் குடியேறிய ஹொல்ம்லியாவிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். (பாவம், வேலைக்குப் போன சனம்.)

சொந்தக்காரர்கள் பிள்ளைகளை டொக்டராக்கிக்கொண்டிருந்த காலம். படம் பார்ப்பதற்கும் ஒரு படிப்பா என்று கேட்டவர்களிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் நின்றவர் அம்மா ஒருவர்தான். தமிழ்ப் பிள்ளைகளின் சித்திரப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்ததும், அப்படிக் கேட்ட அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, பட்டுச்சேலையோடு முன்வரிசையில் அமர்ந்தார்.

தலைப்பு 'எங்கள் வீடு'. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் மணி அடித்து, தூரிகை கையில் இருக்கும்போதே தாள்களை வாங்கிவிட்டார்கள். (கல்யாணத்துக்குப் பிந்தி வரும் எங்கள் ஆட்கள், போட்டி மணியை மட்டும் ஒரு நொடி பிந்தவிடமாட்டார்கள்.) கதை சொன்ன குற்றத்துக்காக எல்லா வீடுகளையும் ஒதுக்கினேன். கடைசியில் முழுக்க நீலமாக ஒரு தாள் வந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

மேடையில் பத்து நிமிடம் பேசினேன். வீட்டைக் காட்ட மறுக்கும் துணிச்சல், தட்டைப் பரப்பின் நேர்மை, நியூயோர்க், எல்லாம் வந்தன. பிறகு அதை வரைந்த ஏழு வயது அபியை அழைத்து, ஏன் வீடே இல்லை என்று கேட்டு ஒலிவாங்கியை நீட்டினேன்.

"அக்கா, இது வானம். வீடு கீற முதல் மணி அடிச்சுப்போட்டினம்."

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் எடுத்தது. அம்மாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "பிழை விட்டிட்டாய். பிள்ளைக்கு நேரம் குடு, கீறி முடிக்கட்டும்."

அபி மேடையிலேயே நீலத்தின் மேல் மஞ்சள் யன்னல்களோடு ஒரு மாடிவீடு வரைந்தாள். உடனே மற்றப் பிள்ளைகளும் தங்கள் தாள்களைத் திருப்பிக் கேட்டார்கள். விழா இரண்டு மணித்தியாலம் பிந்தியது. முதல் பரிசு அபிக்கே போனது, இம்முறை நான் வாயே திறக்கவில்லை.

இன்று நான் ஒரு பத்திரிகையில் ஓவிய விமர்சனம் எழுதுகிறேன். அமெரிக்கர்கள் மேல் மரியாதை இன்னும் உண்டு. என் கட்டுரைகளை அம்மா வெட்டி வைத்து, அந்தப் பழைய கேள்விக்காரர்களுக்குக் காட்டுவார். அதற்கு முன் எனக்குத் தொலைபேசி வரும்.

"பிள்ளை, படம் முடிஞ்சதோ எண்டு கேட்டனியோ?"

"ஓம் அம்மா, கேட்டனான்."

அதன் பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார்.