பூசாரி புயமேறிய படலம்

கடல்சூழ் கொழும்பின் வடபால், கோயில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் ஒன்றன்மேலொன்று ஏறி விழும் கொட்டாஞ்சேனையிலே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடவேண்டிய ஒழுங்கையொன்றின் கடைசி வீட்டில் கோலோச்சியவனும், புறக்கோட்டைக் கடைத்தெருவிலே ஐம்பது கிலோ சீனி மூட்டைகளை ஒரே தரத்தில் இரண்டாகத் தோளேற்றி லொறிக்கும் களஞ்சியத்துக்கும் இடையே இருபத்தோராண்டு திக்விஜயம் செய்தவனும், நாட்டாமி என்று ஊர் அழைக்கும் மூட்டை தூக்கும் மறவர் குலத்தின் மணிவிளக்கும், கல்தூண் தோளனும், காய்த்த பாதனுமாகிய சாந்தகுமாரன் வாழ்க. அவன் இடது புயம் வாழ்க. அப்புயத்தின்மீது நிகழ்ந்த பெரும்போரை யாம் பாடப் புகுந்தோம். செவியுடையோர் இப்போதே கேட்க. வேலையுடையோர் வேலையை முடித்துவிட்டு வந்து கேட்க.

இவ்வீரனுக்கு ஓர் உயிர்த்தோழன் இருந்தான். நாற்பாதன், நீள்மீசையன், நெத்தலிக் கருவாட்டின் நித்திய காதலன். பதினோராண்டுகளுக்கு முன் ஓர் அடைமழை நாளில், லொறித் தார்ப்பாயின் மடிப்பொன்றை உதறியபோது உள்ளங்கையளவு பூனைக்குட்டியாக விழுந்து, சாந்தகுமாரனின் சட்டைப் பைக்குள் குடிபுகுந்து கொட்டாஞ்சேனை வந்து சேர்ந்தான். அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணி அவனைக் கண்டு, பூனையைத் தம் மொழியில் சொல்லும் வழக்கப்படி, ‘பூசா’ என்று அழைத்தார். குட்டியின் சாம்பல் நெற்றியிலோ திருநீற்றுப் பட்டை போல மூன்று கோடுகள் கிடந்தன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த சாந்தகுமாரன், அண்டை வீட்டாள் சூட்டிய பெயரில் ஓரெழுத்து கூட்டி, அவனைப் பூசாரி ஆக்கினான். அன்றுமுதல் பூசாரி அவ்வொழுங்கையின் எலிக்குலத்தைக் கருவறுத்தான் என்று பாட ஆசைதான். ஆனால் அவன் எலி பிடித்ததை எவரும் கண்டதில்லை. மாலை ஆறரைக்கு ஒழுங்கை முகப்பில் சென்று குந்தியிருந்து, வேலை முடிந்து வரும் சாந்தகுமாரனுக்கு முன்னே வாலுயர்த்தி நடந்து வீடுவரை கூட்டிவருவதொன்றே அவன் செய்த தொழில். அதைப் பதினோராண்டும் பிசகாமல் செய்தான்.

அத்தகையோன் கடந்த பங்குனியில் சிறுநீரகம் பழுதாகி மூன்று நாள் உண்ணாமல் கிடந்தான். இனிச் செய்வதற்கு ஏதுமில்லை என்றார் மிருக வைத்தியர். நான்காம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்கான சரக்கு வந்திறங்கியிருந்ததால், சாந்தகுமாரன் வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது ஒழுங்கை முகப்பில் யாரும் இல்லை. வீட்டில் ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. அதன்மேல் துவாய் போர்த்தியிருந்தது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு களனி ஆற்றங்கரைவரை நடந்தான். இருநூறு மூட்டை இறக்கிய அன்றும் இளைக்காத அத்தோள் அன்று இரண்டிடத்தில் நின்று இளைப்பாறியது. புதைத்துவிட்டு வந்து, சோறு தின்று, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தான். அழவில்லை. அழாதது அவனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

எட்டாம் நாட் காலை, பாண் ரொட்டியையும் பருப்பையும் முன்னே வைத்துக்கொண்டு, வானோரும் தானவரும் வாய்மூடி நிற்க, திசையானைகள் செவியாட்டம் நிறுத்த, என் தோழனை என் தோளிலேயே எழுந்தருளப் பண்ணுவேன், இவ்வுடல் எரியும்வரை அவனை இறக்கி வையேன் என்னும் வஞ்சினத்தை, “நா டாட்டூ குத்தப் போறேன்” என்ற நான்கு சொற்களில் அடக்கி உரைத்தான்.

உடுப்புக் கடையொன்றில் தரை கூட்டும் பணிபுரிபவளும், அவ்வீட்டின் அமைச்சும் ஒற்றும் கருவூலமுமாகிய அவன் மனைவி இராமலெட்சுமி, பருப்புக் கரண்டியைத் தாழ்த்தி வைத்தாள். அவளுக்குப் பூசாரிமீது குறையொன்றும் இல்லை. அவள் அஞ்சியது வேறொன்றுக்கு.

“பூனையத்தான் குத்துறீங்க. அவன் மேலெல்லாம் கோடு. பாக்குறவன் புலின்னு சொன்னா, ஒவ்வொருத்தனுக்கா நின்னு வெளங்கப்படுத்தப் போறீங்களா?”

சாந்தகுமாரன் பாணைப் பிய்த்தான். இந்த ஊரில், இந்தப் பெயரோடு, கையில் புலியோடு திரிவதென்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும். அதனினும் கொடிய இன்னோர் அச்சத்தை அவன் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, அவளே நேரில் கண்டவள். பெருந்தொற்றுக் காலத்தில், பாடசாலை மண்டபமொன்றில் தடுப்பூசிக்காக வரிசையில் நின்ற இம்மலை, ஊசியின் முனையைக் கண்ட கணமே வேரறுந்து சாய்ந்து, தாதியர் இருவரையும் ஒரு மேசையையும் தன்னோடு சாய்த்தது. களங்கள் பல கண்ட அம்முதுகு நிலம் தொட்டது அவ்வொரு முறைதான்.

ஆயினும் வஞ்சினம் வஞ்சினமே. அடுத்த ஞாயிறன்று வீரன் படையெழுந்தான். படை என்பது இராமலெட்சுமி. புறக்கோட்டையில் பஸ் மாறி, காலி வீதி வழியே, இடப்புறம் கடைகள் அணிவகுக்க, வலப்புறக் குறுக்குத் தெருக்களின் முடிவில் கடல் துண்டு துண்டாய்த் தோன்றி மறைய, வெள்ளவத்தை சென்று இறங்கினர். அங்கே சேலைக் கடையொன்றின் மேல்மாடியில், குளிரூட்டப்பட்ட குகையிலே, முழங்கைவரை மயிலும் மலரும் பூத்த கரங்களோடு வீற்றிருந்தான் கஜீவன் என்னும் இளைஞன், யாழ்ப்பாணத்துப் பேச்சினன், மின்னூசி ஏந்திய மெல்விரலோன்.

அவன் முதலில் படம் கேட்டான். பதினோராண்டு ஆண்ட பூசாரிக்கு இருந்த ஒரே படம் இராமலெட்சுமியின் கைபேசியில் இருந்தது. அதில் பாதி அவள் முழங்கை. மறுபாதியில் பூசாரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். கஜீவன் அதைத் தாளில் வரைந்து காட்டியபோது, விரிந்த வாயும் வெளிப்பட்ட கோரைப்பற்களும் சுருங்கிய விழிகளுமாக, ஓராயிரம் மான்களைக் கொன்ற பார்வையோடு அங்கே ஒருவன் உறுமிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, வாயைத் திறந்தபடி கீறினா இது பூனை இல்லை. நான் கீறுவன். பிறகு நீங்கள்தான் இந்தக் கையோட திரியோணும்” என்றான் கஜீவன். வாயை மூடிவிடலாம் என்றான், மூடி வரைந்தான். பாதி ஆபத்து நீங்கியது. பின், தயங்கி, நெற்றிக் கோடுகள் மூன்றையும் எடுத்துவிட்டால் எந்தத் தொல்லையும் வராது என்றான். இராமலெட்சுமி உடனே தலையாட்டினாள்.

சாந்தகுமாரன் தாளைக் கையில் வாங்கினான். கோடுகள் கிடந்த நெற்றியைப் பெருவிரலால் மறைத்துப் பார்த்தான். விரலை எடுத்துப் பார்த்தான்.

“கோடு இல்லாட்டி அது யாரோ வீட்டுப் பூன, தம்பி. போடுங்க.”

இராமலெட்சுமி தாளை வாங்கிக் கஜீவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இனிப் போர். மின்னூசி முரன்றது, ஆயிரம் வண்டுகள் ஒரு தகரப் பேணிக்குள் அடைபட்டாற்போல. சாய்கதிரையில் கிடந்த புயம் விம்மித் தணிந்தது. ஊசி தோலைத் தொட்டதா தொடவில்லையா என்று இன்றுவரை வழக்கிருக்கிறது. கஜீவன் தொடவில்லை என்பான். ஆனால் அக்கணத்தில் சாந்தகுமாரன், கதிரையும் கைத்துடைப்புத் தாள்களும் மைக்குப்பியும் மூன்று திசையில் சிதற, எழுந்து, கண்ணாடிக் கதவு திறந்து, படியிறங்கி, சேலைக் கடை வாசலில் பட்டுச் சேலை உடுத்த பொம்மைகளின் நடுவே நின்றான். பின்வாங்கினான் என்று பகைவர் சொல்லலாம். களத்தின் பரப்பை வாசல்வரை விரித்தான் என்று யாம் சொல்வோம். கால்மணி நேரம் அங்கே நின்று, போகிற வருகிற பஸ்களைப் பார்த்தான். பிறகு யாரும் அழைக்காமலே மேலே ஏறி வந்து, கதிரையில் கிடந்து, கையை நீட்டினான்.

இராமலெட்சுமி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மறுபக்கம் அமர்ந்தாள். ஊசி இறங்கியது. முதற்கோடு, காதின் வளைவு. கடல் பொங்கவில்லை, கதிரவன் மறையவில்லை. நெற்றி வியர்த்த வீரன் கூரையையே பார்த்துக் கிடந்தான். இரண்டாங் காது, கன்னம், மூடிய வாய். பின்னர் நெற்றியில் முதற்பட்டையை ஊசி தொட்டபோது, அந்த மலையின் கண்ணிரண்டிலிருந்தும் நீர் காதுக்குள் வழிந்தது. கஜீவன் பொறியை நிறுத்தி, நோகுதோ என்று கேட்டான். இல்லை என்று சாந்தகுமாரன் தலையசைத்தான்.

“அவன் போற நேரம் நா வீட்ல இல்ல” என்றான், மனைவியிடம்.

இராமலெட்சுமி முக்காலியை அருகே நகர்த்தினாள். இத்தனை நாளும் அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது.

“ஒங்க சாரத்துக்கு மேலதான் படுத்திருந்தான். நீங்க கழட்டிப் போட்டுட்டுப் போனதுல. நா மடிச்சு வைக்கப் போனேன், எழும்பல. அப்படியே விட்டுட்டேன். பகலைக்குப் பொறகு பாத்தா மூச்சு இல்ல. அவ்வளவுதான். கத்தவெல்லாம் இல்ல.”

வீரன் காதுக்குள் நின்ற நீரை வலக்கையால் துடைத்தான். பின்பு கஜீவனைப் பார்த்துத் தலையாட்டினான். இரண்டாம் கோடும் மூன்றாம் கோடும் எதிர்ப்பேதுமின்றி வந்து அமர்ந்தன. இவ்வாறாகப் பூசாரி புயமேறினான்.

ஒரு கிழமை மூட்டை தூக்கக்கூடாது என்றான் கஜீவன். இரண்டு கிழமை தூக்காமலிருந்து, பொருக்குதிர்ந்து நிறம் தெளிந்த புயத்தோடு சாந்தகுமாரன் களம் திரும்பிய நாளில், லொறியின் பின்பலகையில் நின்று முதல் மூட்டைக்குக் கை நீட்டியபோது, ஊழிக்காற்றுக்கு முந்திய அமைதி போலத் தெருவில் அமைதியொன்று பரவ, தள்ளுவண்டிகள் இருமருங்கும் விலக, காக்கிச் சீருடையும் கனத்த சப்பாத்தும் கூர்த்த விழியுமாக ஒரு பொலிஸ்காரர் நேரே வந்து அவன் புயத்துக்கு நேரே நின்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். இராமலெட்சுமி முன்னுரைத்த அத்தனையும் அவ்வொரு கேள்வியில் திரண்டு வந்து நின்றது. அடையாள அட்டை இருந்த சட்டை, லொறியின் முன்னிருக்கையில் கிடந்தது. வீரன் உண்மையைத் தவிர வேறு படைக்கலம் ஏதுமின்றி, எங்கள் பூனை, செத்துப்போனது என்பதை அவர் மொழியிலேயே சொன்னான்:

“அபே பூசா, சேர். மெருணா.”

பொலிஸ்காரர் குனிந்தார். காதைப் பார்த்தார், மூடிய வாயைப் பார்த்தார், நெற்றிக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தெரு மூச்சடக்கியது, தராசுத் தட்டுகள் அந்தரத்தில் நின்றன.

லொறியைப் பத்து நிமிடத்தில் எடுக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.