ஒன்றுமில்லை என்கிற வியாதி

"அதை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"எதை?" என்றார் கண்ணாடிக்காரர். கீழே விழுந்த தலையணையை எடுக்கத்தான் குனிந்தார். பாழாய்ப்போன மாத்திரை அட்டை, சட்டைப் பைக்குள்ளிருந்து சரசரவென்று காட்டிக்கொடுத்துவிட்டது.

"சத்தம் கேட்டுது, அதான் கேட்டேன். எனக்கு ஒண்ணும் வேணாம்."

வேண்டாம் என்று சொன்னவளின் கண் அந்தப் பையை விட்டு நகரவே இல்லை.

முதுகு டாக்டரின் கட்டளை அப்படி. ஊசி டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்தே வலி மாத்திரையைத் தொடக்கூடாது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் என்னும் தட்டுகளில் மூன்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் நீள ஊசியை இறக்கி, மருந்தை உள்ளே அழுத்துவார்களாம். அழுத்தும்போது, அவள் தினமும் சுமக்கும் அதே வலி எந்தத் தட்டில் கிளம்புகிறதோ, அதுதான் குற்றவாளி. மயக்க மருந்து கிடையாது. மயங்கிக் கிடப்பவள் பதில் சொல்வது எப்படி?

கண்ணாடிக்காரருக்கு இது சட்டென்று புரிந்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, இருபது வருடமாக ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து அவரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" என்ன, அவர் கேட்டதில் யாரும் கதறியதில்லை.

ஆறு வருடமாகப் பார்க்காத டெஸ்ட் இல்லை. குழாய்க்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். காலில் கரண்ட் வைத்துத் துடிக்கத் துடிக்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "எல்லாம் நார்மல். ஒண்ணுமில்ல." சொந்தக்காரர்கள் போன் போட்டு, "நல்ல வேளை, ஒண்ணுமில்லையாமே!" என்று சந்தோஷப்படுவார்கள். போனை வைத்ததும் இருவரும் ஆளுக்கொரு அறைக்குப் போய் அழுவார்கள். ஒன்றுமில்லை என்று கேட்டு அழுத குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னு வந்தா, மனநல டாக்டருக்கு லெட்டர் குடுத்துடுவேன்னு சொல்லிட்டாரு" என்றாள் மனைவி, கூரையைப் பார்த்தபடி. "எனக்குப் பைத்தியம்னு எழுதப் போறாங்க. எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு."

"வாயை மூடு. ஏதாச்சும் இருக்கும். இல்லாம எப்படிப் போகும்?" என்று அதட்டினார் அவர். மனைவிக்கு முதுகெலும்பு பழுதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் புருஷன்! நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அவளுக்குப் புகார் சொல்ல வராது. குடிநீர் ஆபீசில் பதினொரு வருடம் புகார் கவுன்டரில் உட்கார்ந்தவள். குழாயில் தண்ணீர் வராதவன், தண்ணீர் நிற்காதவன் எல்லாரும் வந்து கத்திவிட்டுப் போவார்கள். இவள் "புரியுதுங்க, பதிவு பண்ணிட்டேன்" என்பாள். இப்போது நான்கு மாதமாகச் சம்பளமில்லாத விடுப்பு. ஆனாலும் அந்தக் கவுன்டர் வாயை விட்டுப் போகவில்லை.

"பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் கேப்பாங்க" என்றார் கண்ணாடிக்காரர். "பத்துன்னா தாங்கவே முடியாத வலி. இப்ப எவ்வளவு?"

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. "மூணு போடுங்க."

"மூணா? எழுந்து உக்கார முடியல உன்னால!"

"நாலு? நாலு ஜாஸ்தியோ?"

தலையில் அடித்துக்கொண்டார். இந்த நாலை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இவளுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தால்தான் உண்டு என்று அவர் முடிவுகட்டினார்.

"எங்க, ஒரு தடவை 'ஆ'ன்னு சொல்லு."

"ஆ."

"பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்கு. வயித்துலேர்ந்து வரட்டும்."

"எனக்கு வரலங்க."

"ஆறு வருஷமா யாரும் உன்னை நம்பல. அதை நெனச்சுக்கோ. இப்பக் கத்து."

அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு கத்தினாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தே போய்விட்டது. இத்தனை நாள் இது எங்கே கிடந்தது என்று அவர் திகைத்து நிற்கும்போதே கதவு தட்டப்பட்டது.

மேல் மாடி வீட்டு அம்மா நின்றிருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா, பழகிக்கிறேன்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எப்படிக் கத்தணும்னு இவர்தான் சொல்லிக் குடுக்கிறாரு."

மாடி வீட்டு அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, கண்ணாடிக்காரர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல விஷயம் இன்னும் மோசமானது. ஊசி, அழுத்துவது, மயக்க மருந்து கூடாது என்று அவர் அடுக்கியதெல்லாம் அவருக்கே குற்ற வாக்குமூலம் மாதிரி ஒலித்தது. "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு, பயப்படாத" என்று மனைவியின் கையை அழுத்திவிட்டுப் போனாள் அந்த அம்மா. மறுநாளிலிருந்து படிக்கட்டில் அவர் வணக்கம் வைத்தால் யாரும் திரும்ப வைக்கவில்லை. வெட்கத்தில் மனைவி அதற்குப் பிறகு முனகக்கூட மறுத்துவிட்டாள். இருந்த நாலும் இரண்டாகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். வீட்டில் சத்தமே இல்லை. குளியலறைத் தரையில் மனைவி பக்கவாட்டில் படுத்திருந்தாள். பக்கத்தில் வாளி நிரம்பி வழிந்து, புடவையெல்லாம் நனைந்திருந்தது.

"விழுந்துட்டியா?"

"இல்ல. குழாயை மூடக் குனிஞ்சேன். அப்புறம் நிமிர முடியல. அப்படியே மெதுவா படுத்துட்டேன்."

"எப்போ?"

"மூணு மணி இருக்கும்."

மணி ஆறு. தூக்கலாமென்று தோளில் கை வைத்தார். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. முகம் மட்டும் அவர் அதுவரை பார்க்காத ஒரு மாதிரி கோணிக்கொண்டது. கையை எடுத்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல், பேன்ட் சட்டையோடு அவரும் ஈரத்தரையில் அவளுக்கு எதிரே படுத்துக்கொண்டார். படுத்ததும் சட்டைப் பைக்குள் அட்டை மறுபடி சரசரத்தது.

"அதைத் தூக்கி எறிஞ்சிடுங்க" என்றாள் அவள். "இல்லன்னா கெஞ்சிடுவேன். இன்னும் ஒரு ராத்திரிதானே."

அன்று அவரால் அழாமல் இருக்க முடியவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, ரொட்டி ஆலையில் இரவு வேலை. அக்காவைப் படியிறக்கக் கை வேண்டுமென்று, வேலை முடிந்ததும் மாவு ஒட்டிய சட்டையோடு அப்படியே வந்திருந்தான். ஆறு மணி வரை டீ குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் அடுப்பில் பால் வைத்தார்.

அங்கேதான் புத்தி கெட்டது. படுக்கையறையில் மனைவி ஒரு காலைத் தரையில் வைக்கவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாடி இறங்க வேண்டும். அப்புறம் கார், அப்புறம் மேசை, அப்புறம் ஊசி. ஒரு மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடுவாள். டெஸ்ட் எட்டரைக்குத்தானே, அதற்குள் அதன் வேகம் அடங்கிவிடாதா? எறியாமல் வைத்திருந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்தார். ஒன்றைக் கரண்டியால் நசுக்கி டீயில் போட்டார். படிகளை எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் போட்டார். கசக்குமே என்று நான்கு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, அவள் கையில் கொடுத்துவிட்டு, "மாப்ள, அக்காவைப் பாத்துக்கோ" என்று டாக்சி பிடிக்க ஓடினார்.

திரும்பி வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது.

"குடிச்சியா?"

"ம். நல்லா இருந்துது" என்றாள் மனைவி.

மாடி இறங்கினாள். மச்சானும் அவருமாகத் தாங்கிப் பிடித்ததில், நின்று நின்று, எப்படியோ இறங்கிவிட்டாள். காரில் வாயே திறக்கவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று கண்ணாடிக்காரர் மகிழ்ந்துபோனார். அந்த மகிழ்ச்சி ஆஸ்பத்திரி வாசல் வரை தாங்கியது. வரவேற்பில் நர்ஸ், "மூணு நாளா வலி மாத்திரை எதுவும் எடுக்கலையே?" என்று கேட்டாள்.

"இல்லங்க" என்றாள் மனைவி, பளிச்சென்று.

"எடுத்திருந்தா சொல்லிடுங்க. டெஸ்ட்டே வீண்."

கண்ணாடிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இப்போது சொன்னால் டெஸ்ட் ரத்து. இன்னொரு தேதி, இன்னொரு மூன்று நாள், இன்னொரு குளியலறைத் தரை. சொல்லாவிட்டால்? எட்டரைக்குள் அடங்கிவிடும், அடங்கிவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் காத்திருக்கும் நாற்காலியில் சாய்ந்த அடுத்த நிமிடம் குறட்டை விட ஆரம்பித்தான். இரவு வேலை பார்த்தவன், பாவம்.

உள்ளே போக அவரையும் விட்டார்கள். எக்ஸ்ரே படாமலிருக்க, ஈயம் வைத்த கனத்த அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டதும் அவர் முதுகே வலித்தது. மனைவி குப்புறப் படுத்து, அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் ஊசி இறங்கியது. அவள் பிடித்த பிடியில் அவர் நகம் நீலமானது.

"இது உங்க வலியா?" என்றார் டாக்டர்.

"இல்லங்க டாக்டர்."

இரண்டாவது. அவள் கண்ணீர் மேசையில் சொட்டியது. "இதுவா?"

"வலிக்குது. ஆனா இது வேற. இது யார் வலியோ."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா" என்று கெஞ்சினார் கண்ணாடிக்காரர். "முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா?"

"சார், நீங்க பேசக்கூடாது."

மூன்றாவது ஊசிக்கு டாக்டர் கேட்கும் முன்பே அவள் தலையை ஆட்டிவிட்டாள். இல்லை என்று. அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது, இரண்டு மாத்திரையையும் தானே விழுங்கிச் செத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிரித்தார். "நல்ல சேதி. மூணு தட்டும் நார்மல். முதுகுல ஒண்ணுமில்ல." பேனாவைத் திறந்தார். "நான் சொன்ன அந்த லெட்டரை எழுதிடறேன். அவர் நல்லாப் பேசுவாரு, மனசு விட்டு எல்லாத்தையும் சொல்லுங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள் மனைவி, கவுன்டரில் இருப்பதுபோல. "ரொம்ப நன்றி."

அந்த நன்றியைக் கண்ணாடிக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"எழுதாதீங்க!" என்று எழுந்தார். "காலையில டீயில மாத்திரை கலந்து குடுத்தேன். ரெண்டு. இவளுக்குத் தெரியாது. எல்லாம் என் தப்பு."

டாக்டரின் பேனா நின்றது. மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"உங்களை யாருங்க கேட்டது? மூணு நாள் நான் பட்ட பாடு என்ன, நீங்க பண்ணின வேலை என்ன! ஊரார் மூக்குல கண்ணாடிய மாட்டுறது போதாதுன்னு உங்க மூக்கை என் முதுகுலயும் நுழைக்கணுமா?" பதினொரு வருடம் கேட்டு வைத்த ஊரார் வசவெல்லாம் வரிசையாக வந்தது. குரல் வயிற்றிலிருந்து வந்தது. நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, போதும்" என்றார் டாக்டர். அரைகுறையாக எழுதிய லெட்டரைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இந்த ரிசல்ட் செல்லாது. உள்ள ஏதாவது இருந்தாலும் காட்டியிருக்காது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். சார், அன்னிக்கு நீங்க அடுப்படிப் பக்கமே போகாதீங்க."

வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் தரையில் காலே பாவாமல் நடந்தார். "கேட்டியா? உள்ள ஏதோ இருக்காம்!"

"இருக்கலாம்னுதான் சொன்னாரு."

"இருக்கும்மா! இவ்வளவு வலிக்குது, இல்லாமலா? நான்தான் கெடுத்தேன். நீ பைத்தியம் இல்ல, நான்தான் பைத்தியம்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆமா, நீங்கதான்" என்றாள். அவள் சிரித்து வெகுகாலமாகியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி அந்த மேசையில் படுக்க வேண்டுமே என்று ஒரு கணம் அவருக்கு நினைப்பு வந்தது. ஆனாலும், முதல் தடவையாக, 'ஒண்ணுமில்லை' இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

வீட்டில் அவளுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார். மாத்திரை கொடுக்க இப்போது தடையில்லை. அவள் கண் மூடும்வரை பக்கத்திலிருந்துவிட்டு, கதவைச் சாத்தினார். கூடத்தில் மச்சான் கொட்டாவி விட்டபடி முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் தூங்கியவனைத் தட்டி எழுப்பிக் காரில் ஏற்றியிருந்தார்கள், காரிலும் தூங்கினான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். "என் புத்தி கெட்டதால பொழச்சோம் மாப்ள. அந்த டீய மட்டும் நான் போட்டுக் குடுக்கலன்னா, இன்னிக்கு வந்த 'ஒண்ணுமில்ல' நெஜமாயிருக்கும்."

மச்சானின் கொட்டாவி பாதியில் நின்றது. படுக்கையறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"மாமா, அந்த டீய அக்கா தொடவே இல்லையே. குமட்டுதுன்னு என் கையில குடுத்துட்டு, 'ஆசையா போட்டாரு, அவர்கிட்ட சொல்லிடாத'ன்னா. நான்தான் குடிச்சேன்."